அத்தியாயம் 4: எதை எழுதுவது? தலைப்பைத் தட்டிப் பார்த்து எடுக்கும் முறை

மாசி மாதம் ஆற்றுகால் பொங்கலைத் திருவிழா நெருங்கும்போது திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மண்பானைகள் அடுக்கடுக்காக வந்து இறங்கும். வாங்க வருகிற பெண்கள் எடுத்தவுடன் விலை கேட்பதில்லை. ஒரு பானையைத் தூக்கிப் பிடித்து, மடக்கிய விரலால் மெல்லத் தட்டுவார்கள். 'டங்' என்று கேட்டால் ஒதுக்கி வைப்பார்கள். சத்தம் செத்திருந்தால் உள்ளே கீறல் இருக்கிறது என்று பொருள். பேசாமல் திரும்ப வைத்துவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடுப்பில் ஏற்றிய பிறகு விரிசல் தெரிந்தால் அரிசியும் போச்சு, அன்றைய நாளும் போச்சு.

கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்குத் தலைப்பு எடுப்பதும் இதே வேலைதான். நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள்கூட, கீறல் விழுந்த தலைப்பை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் திருத்தித் திருத்திச் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தலைப்பு சரியாக அமைந்துவிட்டால் கட்டுரையில் பாதி முடிந்தது. சென்ற அத்தியாயத்தில் எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று பட்டியல் போட்டோம். இந்த அத்தியாயத்தில் பேனாவைத் திறக்கும் முன் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

கேள்வி என்ன கேட்கிறது?

நம் ஊரில் கல்லூரியில் சேர மதிப்பெண் வேண்டும், இட ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ் வேண்டும், அலாட்மென்ட் பட்டியலில் பெயர் வர வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் 2022 முதல் க்யூட் (CUET) நுழைவுத் தேர்வு இருக்கிறது. இவை எல்லாமே 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்பவை. இந்தக் கேள்வி நம் மண்ணுக்கு மிகப் பழையது. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றி ஒரு கல்விச்சாலை அமைத்தான். அதன் செப்பேட்டில் சேர்க்கை விதியே இருக்கிறது. மொத்தம் 95 இடங்கள், மூன்று வேதப் பிரிவினருக்கு மட்டும். சேர வருபவருக்கு இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறைக்குத் தேவையான அறிவும் வேண்டும். அந்தக் காந்தளூர்ச் சாலை நம் வலியசாலைப் பக்கம்தான் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. வேறிடம் காட்டுபவர்களும் உண்டு. எங்கே இருந்தாலும், 'உனக்கு என்ன தெரியும்?' என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆயிரம் ஆண்டாகப் பழகியவர்கள். 'நீ யார்?' என்று கல்லூரி கேட்பதுதான் நமக்குப் புதிது. அதனால்தான் 95 சதவீதம் வாங்கிய பிள்ளையும் இந்தக் கேள்வி முன்னால் திகைத்து நிற்கிறது.

எல்லா விண்ணப்பமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. தலைப்பு எடுக்கும் முன் இந்த வேறுபாட்டை மனத்தில் பதியவையுங்கள்.

- அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் ஒரு முதன்மைக் கட்டுரை உண்டு. குறைந்தது 250 சொற்கள், அதிகபட்சம் 650. ஏழு கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: உங்கள் பின்னணி, சந்தித்த தடை, நீங்களே கேள்வி கேட்ட ஒரு நம்பிக்கை, நன்றி உணர்ந்த தருணம், வளரச் செய்த நிகழ்வு, நேரம் போவதே தெரியாமல் மூழ்கும் விஷயம்; ஏழாவதில் உங்கள் விருப்பம்போல் எதையும் எழுதலாம். இங்கே தேடப்படுவது மனிதர்.
- கலிபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகள் கொடுத்து நான்குக்குப் பதில் கேட்கிறது. ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். ஒரே பெரிய கதை இங்கே உதவாது. நான்கு சிறிய கோணங்கள் தேவை.
- பிரிட்டனின் யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கை முதல் மூன்று கேள்விகள்: இந்தப் பாடம் ஏன், படிப்பு உங்களை எப்படித் தயார்செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், இடைவெளிகளும் அதில் அடக்கம். இங்கே தேடப்படுவது பாடத்தின் மீதான பற்று. பாட்டி வீட்டு நினைவு பாடத்தோடு சேராவிட்டால் இங்கே இடமில்லை.
- இந்தியாவிலும் அசோகா பல்கலைக்கழகம் போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடு கட்டுரை கேட்கின்றன. நேர்முகம் வைக்கும் இடங்களில், எழுதியதையே நேரில் பேசவும் வேண்டிவரலாம்.

இந்த அத்தியாயத்தில் அதிகம் பேசப்போவது முதல் வகையைப் பற்றி. அதைச் சரியாகச் செய்யக் கற்றவருக்கு மற்றவை கடினமாக இராது.

பைஜாமா எரிந்த கதை

2007-இல் யூகாஸ், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் வந்த சுமார் 50,000 கட்டுரைகளை மென்பொருள் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் தன் பைஜாமாவில் தீப்பட்டு ஓட்டை விழுந்த கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள். மனித உடல் இயங்கும் விதம் தன்னைக் கவர்ந்ததாக ஒரே மாதிரி வாக்கியத்தில் 370 பேர் சொல்லியிருந்தார்கள். வயதான அல்லது நோயுற்ற தாத்தா 175 கட்டுரைகளில் வந்தார். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கட்டுரையிலிருந்து எடுத்ததன் விளைவு அது. முதல் ஆள் உண்மையிலேயே பைஜாமாவை எரித்தவராக இருக்கலாம். மற்ற 233 பேரின் சொந்த வாழ்க்கை என்ன ஆயிற்று? அதுதான் எனக்கு வருத்தம். ஒவ்வொருவருக்கும் எட்டு வயது இருந்திருக்கும். அந்த வயதில் ஏதோ ஒன்று நடந்தும் இருக்கும்.

இங்கே நம் பிள்ளைகள் அடிக்கடி கையில் எடுக்கும் தலைப்புகள் இவை: 2018 வெள்ளம், கொரோனா ஊரடங்கு, வெளிநாட்டிலிருக்கும் என்ஜினியர் மாமா, தோற்றுப் பிறகு ஜெயித்த விளையாட்டுப் போட்டி, ஆதரவற்றோர் இல்லத்தில் ஒருநாள் சாப்பாடு கொடுத்தது, அப்துல் கலாம். இவை கெட்ட தலைப்புகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றில் நீங்கள் நின்ற இடம் எது என்று பார்க்க வேண்டும். 2018 வெள்ளத்தின்போது நீங்கள் சிறு பிள்ளையாக இருந்திருப்பீர்கள். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு டிவியில்தான் பார்த்தீர்கள் என்றால், அது டிவி சொன்ன கதை. அந்த வாரம் நிவாரணப் பொருள் சேகரிக்கும் இடத்தில் பிஸ்கட் பாக்கெட்டை அட்டைப்பெட்டியில் அடுக்கினீர்களா? பெட்டி மேல் என்ன எழுதுவது என்று உங்களிடம் கேட்டார்களா? மலையாளத்தில் எழுதும்போது பிழை விட்டு, பக்கத்தில் நின்ற அக்கா திருத்தினாரா? அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். வெள்ளத்தை விட்டுவிட்டு அந்தப் பெட்டியை எழுதுங்கள்.

தலைப்பு எவ்வளவு பெரியது என்பதை விட, நீங்கள் அதற்குள் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதே கணக்கு. இந்த அத்தியாயம் முழுவதும் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

கடைத்தெரு போதும்

'எங்க வீட்டுல எழுதுற மாதிரி ஒண்ணுமே நடக்கலியே சார். காலைல கடை, ராத்திரி கடை. இதுல என்னத்த எழுத?' இந்தக் கேள்வி என்னிடம் வராத வருடம் இல்லை. கேட்கும்போது குரல் சற்றுத் தாழ்ந்திருக்கும். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதில் ஒரு கூச்சம்.

அவர்களுக்கு நான் ஆ. மாதவனைச் சொல்வேன். 1934-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மலையாளத்தில். தமிழைத் தன் ஆர்வத்தில் தேடிப் படித்தவர். இதே சாலைத் தெருவில் பாத்திரக்கடை வைத்துப் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். கடை முன்னால் போன சுமைதூக்கிகள், பிச்சைக்காரர்கள், தெருவிலேயே வளர்ந்தவர்கள், சிறு திருட்டில் வயிறு வளர்த்தவர்கள் எல்லாரும் அவர் கதைக்குள் வந்தார்கள். ஒரு தொகுப்புக்குப் பெயரே 'கடைத்தெருக் கதைகள்'. 2015-இல் சாகித்ய அகாதெமி விருது அவருடைய 'இலக்கியச் சுவடுகள்' நூலுக்குக் கிடைத்தது. 2021 ஜனவரியில் காலமானார். கதை தேடி அவர் தெருவைத் தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை. கல்லாப் பக்கம் உட்கார்ந்து, வந்துபோகிறவர்களைச் சலிக்காமல் பார்த்தார்.

இன்னொன்றும் சொல்வேன். இந்தக் கடைத்தெருவை உருவாக்கிய திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ், இளமையில் ஒரு வணிகரிடம் கணக்கெழுதும் வேலையில் இருந்தவர். கணக்குப் புத்தகத்திலிருந்து திவான் பதவி வரை போனவர் போட்ட தெருவில் நின்றுகொண்டு, கணக்குப் புத்தகத்துக்குக் கூச்சப்படத் தேவையில்லை.

கட்டுரையை வாசிப்பவர் ஒரு நாளில் பல கட்டுரைகளைப் படிப்பவர். சாலை என்ற தெருவை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அது உங்களுக்குக் குறையாகாது. ஒரே வாக்கியத்தில் அவரைக் கொண்டுவந்து கிழக்கேகோட்டையில் இறக்கிவிடுங்கள். மீதியை உங்கள் கண் பார்த்துக்கொள்ளும்.

தேட வேண்டிய ஐந்து இடங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஏழு நாள், நாளுக்கு இருபது நிமிடம், கீழே சொல்லும் ஐந்து இடங்களில் தேடி எழுதுங்கள். வாக்கியம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பட்டியல் போல எழுதினால் போதும்.

1. ஒரு பொருள். வீட்டிலோ கடையிலோ தினமும் உங்கள் கைபடுவது: தராசு, பற்று நோட்டு, தையல் மிஷின், தாத்தாவின் பீடிப் பெட்டி. அதில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?

2. மொழி தடுக்கிய இடம். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் மாறி, கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு போனது. திருவனந்தபுரத்துத் தமிழர்கள் கேரளத்தில் இருந்தார்கள். அந்த வரலாற்றை நீங்கள் எழுத வேண்டாம், பாடநூல் எழுதும். ஆனால் முதல் வகுப்பில் டீச்சர் 'வெள்ளம்' என்றபோது தண்ணீர் என்று புரியாமல் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தது உங்கள் கதை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டாக்டர் மலையாளத்தில் சொன்னதைப் பயமுறுத்தாத தமிழில் மாற்றிச் சொன்னதும் உங்கள் கதை. எதைச் சொன்னீர்கள், எதை விட்டீர்கள், ஏன்?

3. வழக்கமான வேலை. ஓணத்துக்கு முன்னால் தோவாளைப் பூ வந்து இறங்கும் விடியற்காலையில் எழுந்து அளந்து கொடுப்பது, தம்பியைப் பள்ளியில் விடுவது, ஞாயிறுதோறும் மீன் ஆய்வது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில்தான் ஒருவரின் குணம் படியும்.

4. மனம் மாறிய விஷயம். முன்பு ஒன்று நினைத்தீர்கள். இப்போது வேறு நினைக்கிறீர்கள். மாற்றியது எது? பொங்கலை முடிந்த பிறகு தெருவெல்லாம் கிடக்கும் அடுப்புச் செங்கற்களைக் குப்பை என்று நினைத்திருந்த பையன், மாநகராட்சி அவற்றைத் திரட்டி ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுத்துகிறது என்று அறிந்த நாளில் அவனுக்குள் என்ன நடந்தது?

5. நேரம் மறந்த இடம். யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல், நீங்களாகவே செய்வது. ரயில் நேர அட்டவணையை மனப்பாடம் செய்யும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். பழைய ரேடியோவைப் பிரித்துப் போடும் பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் அதை விண்ணப்பத்தில் சொல்லவே வெட்கப்பட்டார்கள்.

ஏழாம் நாள் நோட்டைப் படித்துப் பாருங்கள். எந்த வரியில் தானாகவே விவரம் நீண்டிருக்கிறதோ, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

ஒரு தலைப்பு உருவாகும் விதம்

ஒரு மாணவியை வைத்து இதைச் செய்து பார்ப்போம். இது நான் உருவாக்கும் உதாரணம். எந்த வீட்டின் கதையும் இல்லை. அப்பாவுக்குச் சாலையில் ஒரு பலசரக்குக் கடை. மகள் பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிறாள். பொருளியல் படிக்க ஆசை.

முதல் தலைப்பு: 'என் அப்பாவின் உழைப்பு'. எழுதிப் பார்த்தால் 600 சொல்லிலும் அப்பாதான் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர் அவர் இல்லை. இரண்டாவது தலைப்பு: 'கடைத்தெருவை டிஜிட்டல் ஆக்கிய நான்'. அப்பாவின் பற்று நோட்டைக் கம்ப்யூட்டர் அட்டவணையாக மாற்றிய சாதனை. இதில் அவள் இருக்கிறாள், ஆனால் எல்லாம் சரியாக முடிந்துவிடுகிறது. பானையைத் தட்டினால் சத்தம் மந்தமாக இருக்கிறது. பிறகு என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டால், தயங்கித் தயங்கிச் சொல்வது இது:

"நோட்டுல 118 பேர் இருந்தாங்க. முழுப்பெயர் இருந்தது 41 பேருக்குத்தான். மத்ததெல்லாம் 'மாடிப்படி அம்மா', 'பேங்க் சார்', 'பழைய வீட்டுக்காரர் மருமக' இப்படி. ஒவ்வொருத்தர் நம்பரா தேடி எல்லாத்தையும் ஏத்தினேன். ஒண்ணாந்தேதி எல்லாருக்கும் ஒரே மெசேஜ் அனுப்பினேன்: உங்கள் பாக்கி இவ்வளவு, மூன்று நாளில் செலுத்தவும். அதுக்கப்புறம் மாடிப்படி அம்மா கடைக்கே வரல. ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடை அடைச்சதும் அப்பா அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தார். என்னைத் திட்டல. நோட்டைத் திறந்து அவங்க பேருக்குப் பக்கத்துல இருந்த சின்ன வட்டத்தைக் காட்டி, 'மக்கா, இது எதுக்குன்னு கேட்டியா?'ன்னார். நான் அதை மசிக் கறைன்னு நெனச்சு விட்டிருந்தேன். அந்த வீட்டுல பையனுக்கு வேலை போயிடுச்சு. வட்டம் போட்டா, இப்போ கேக்கக் கூடாதுன்னு அர்த்தமாம். நோட்டுல 17 வட்டம் இருந்துச்சு. என் அட்டவணைல ஒண்ணுகூட இல்ல."

இதோ தலைப்பு. இரண்டாவது தலைப்புக்குள்ளேயே இருந்தது. வெட்கத்தால் மூடி வைத்திருந்தாள். இதில் அவள் செய்த வேலை இருக்கிறது, செய்த தவறு இருக்கிறது, மனம் மாறிய கணம் இருக்கிறது. அட்டவணையில் 'வட்டம்' என்று ஒரு பத்தியைச் சேர்க்கும்போது, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்று அவள் கேட்கத் தொடங்குகிறாள். பொருளியல் ஏன் என்பதற்கு இதை விட நேர்மையான பதில் கிடைக்காது. அப்பாவும் இருக்கிறார்; இப்போது தன் அளவான இடத்தில், ஒரே ஒரு கேள்வியோடு.

தவறை எழுதினால் மதிப்புக் குறையும் என்று பிள்ளைகளும் பெற்றோரும் பயப்படுகிறார்கள். தவறைத் தானே கண்டு திருத்திக்கொண்ட பிள்ளையை எந்த ஆசிரியரும் வகுப்பில் விரும்புவார்.

தட்டிப் பார்க்கும் ஐந்து கேள்விகள்

வட்டமிட்ட ஒவ்வொரு தலைப்பையும் இந்த ஐந்தாலும் தட்டிப் பாருங்கள்.

ஒன்று: உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பெயரைப் போட்டாலும் கட்டுரை அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அது உங்கள் தலைப்பு ஆகவில்லை.

இரண்டு: நீங்கள் செய்ததை, நினைத்ததை, கேட்டதை, தவறியதைச் சொல்லும் வாக்கியங்கள் எத்தனை? பாதிக்கும் குறைவாக இருந்தால் அது வேறொருவரின் கதை.

மூன்று: தொடக்கத்தில் இருந்த நீங்களும் முடிவில் இருக்கும் நீங்களும் ஒரே ஆளா? சிறிதளவாவது ஏதோ நகர்ந்திருக்க வேண்டும். நகர்ந்ததை ஊதிப் பெரிதாக்க வேண்டாம். பதினேழு வயதில் யாருக்கும் வாழ்க்கை முழுதும் புரிந்துவிடாது.

நான்கு: கையால் தொடக்கூடிய ஒரு பொருளாவது, காதால் கேட்ட ஒரு சொல்லாவது இருக்கிறதா? 'விடாமுயற்சி', 'தன்னம்பிக்கை' போன்ற சொற்கள் மட்டும் இருந்தால் திரும்ப நோட்டுக்குப் போங்கள்.

ஐந்து: மதிப்பெண் பட்டியலும் சான்றிதழ்களும் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத்தான் கட்டுரையும் சொல்கிறதா? அப்படியென்றால் கிடைத்த 650 சொற்களை வீணாக்குகிறீர்கள்.

வீட்டு விஷயத்தை எழுதலாமா?

மரணம், நோய், கடன், அப்பாவின் குடி, பெற்றோர் பிரிவு. இவற்றை எழுதக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. எழுதியே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'துக்கக் கதை இருந்தால்தான் இடம் கிடைக்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி, ஆறாத காயத்தைப் பிள்ளைகள் கிளறிக்கொள்கிறார்கள். மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதை எழுதிவிட்டு அன்று இரவு நிம்மதியாகத் தூங்க முடியுமா? முகம் தெரியாத ஒருவர் நேர்முகத்தில் இதைப் பற்றிக் கேட்டால் நிதானமாகப் பேச முடியுமா? கட்டுரையில் வருகிறவர் முன்னால் இதை உரக்க வாசிக்க முடியுமா? ஒன்றுக்கு 'முடியாது' என்றாலும், அந்தத் தலைப்பை இந்த வருடம் விட்டுவிடுங்கள். குடும்பச் சூழ்நிலையால் மதிப்பெண் குறைந்திருந்தால், அதை விளக்கக் காமன் ஆப்பில் தனி இடம் இருக்கிறது. கட்டுரையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

மற்றவர் வாழ்க்கை என்பது உங்களிடம் ஒப்படைத்த பொருள் போன்றது. மேலே சொன்ன மாணவி, மாடிப்படி அம்மாவின் செல்லப்பெயரை மாற்ற வேண்டும்; முடிந்தால் அவரிடமே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப் போவதே கட்டுரைக்கு ஒரு நல்ல முடிவாக அமையலாம்.

எந்த மொழியில் யோசிப்பது?

வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், விண்ணப்பத்தில் ஆங்கிலம். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் பாடநூல் வாக்கியங்கள்தான் வரும். அதனால் முதலில் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள். உங்கள் கதையை ஒரு சித்தியிடமோ நண்பனிடமோ தமிழிலேயே சொல்லி, போனில் பதிவுசெய்யுங்கள். அவர் எந்த இடத்தில் 'அப்புறம்?' என்று கேட்டாரோ, அங்கிருந்து கட்டுரை தொடங்கட்டும். பதிவைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது 'பற்று நோட்டு' போன்ற சொல்லை அப்படியே வைத்து, பக்கத்திலேயே நான்கு சொல்லில் விளக்கிவிடலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கிக் கொடுப்பதைக் காமன் ஆப் மோசடியாகவே கருதுகிறது. அதை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: அந்தக் கருவிக்கு நோட்டில் இருந்த வட்டம் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை கடையைப் பற்றி எழுதினால் தடுக்காதீர்கள். 'நம்ம கஷ்டத்த ஏன் ஊருக்குச் சொல்ற?' என்று கேட்கத் தோன்றும்; உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் உழைப்பை உங்கள் பிள்ளை கவனித்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தகவல் பிழை இருந்தால் திருத்துங்கள். நடையைத் திருத்த வேண்டாம்.

காலக் கணக்கு

காமன் ஆப் ஆகஸ்ட் 1-இல் புதிய ஆண்டுக்குத் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் தொடக்கமும், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஜனவரி தொடக்கமும் கடைசி நாள். யூகாஸில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15. பெரும்பாலான மற்ற படிப்புகளுக்கு ஜனவரி. இடையில் ஓணம் வரும். கடை வைத்திருக்கும் வீடுகளில் அந்த நாட்களில் உட்கார்ந்து எழுத முடியாது. எனவே:

- ஏப்ரல், மே விடுமுறை: ஏழு நாள் நோட்டு. மூன்று தலைப்புகளைத் தேர்ந்தெடுப்பது.
- ஜூன்: மூன்றையும் தமிழில் சொல்லிப் பதிவு. ஐந்து கேள்விகளால் தட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பது.
- ஜூலை: முதல் வரைவு. இரண்டு வாரம் தொடாமல் வைப்பது.
- ஓணத்துக்கு முன்: இரண்டாம் வரைவு, கட்டுரையில் வருபவரிடம் வாசித்துக் காட்டுவது.
- ஓணம் முடிந்ததும்: சொல் எண்ணிக்கை, பிழை திருத்தம்.

பயிற்சி

நாளைக் காலை கடை திறக்கும் நேரத்தில், உங்கள் வீட்டுக் கடையோ தெரிந்தவர் கடையோ, அரை மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். போன் பையில் இருக்கட்டும். முதலில் வருபவர் என்ன கேட்கிறார், எந்த மொழியில் கேட்கிறார், காசு கொடுக்கிறாரா, பற்று எழுதச் சொல்கிறாரா என்று பாருங்கள். யாரும் உங்களிடம் சொல்லாமல் உங்களுக்கே தெரிந்திருக்கிற ஒரு விஷயமாவது அந்த அரை மணியில் கண்ணில் படும். அதை நோட்டின் முதல் பக்கத்தில், தேதி போட்டு, ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்த அத்தியாயத்தில் அந்த வரியிலிருந்து தொடங்குவோம்.